அவர் கேட்ட சந்தேகம்

என்னைக் கெடுத்தது நான் ஜெயித்த ஒரு ஆட்டம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மேற்குத் தாம்பரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் செஸ் போட்டி. பந்தி மேசைகளில்தான் பலகைகளை விரித்திருந்தார்கள். நான் படிப்பு முடித்துச் சும்மா இருந்தேன். அப்பா தன் நண்பரைப் பிடித்து, படப்பைப் பக்கம் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் எனக்கு வேலை சொல்லி வைத்திருந்தார். போட்டியில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஏதும் செய்யாவிட்டால் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று பேச்சு.

கடைசிச் சுற்றில் எதிரே உட்கார்ந்தவர், ஆட்டத் திறனுக்குப் புள்ளி போட்டுத் தரும் ரேட்டிங் உள்ளவர், வங்கி ஊழியர். எனக்கு ரேட்டிங்கே கிடையாது. தோற்றுக்கொண்டிருந்த எரிச்சலில் என் குதிரையை அவர் ராஜா முன்னால் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் யோசித்தவர், அதை வெட்டாமல் ராஜாவை ஓரத்துக்கு ஒதுக்கினார். கொஞ்ச நேரத்தில் என் ராணி உள்ளே புகுந்தது. கடிகாரத்தை நிறுத்திவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தார்.

முடிந்த ஆட்டத்தை இருவரும் மறுபடி ஆடிப் பார்ப்பது வழக்கம். இந்த முறை குதிரையை அவர் சாதாரணமாக வெட்டினார். அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. நான் எதை எதையோ நகர்த்திப் பார்க்க, ஒவ்வொன்றையும் அடைத்துக் காட்டினார்.

"நான் பயந்துட்டேன் தம்பி. எல்லாரும் பயப்பட மாட்டாங்க," என்றார்.

அப்பாவுக்குக் காய்களின் பெயர்கூடத் தெரியாது. வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்திருக்கிறார். சைக்கிளில் திரும்பும்போது அவர் குரலே மாறியிருந்தது.

"அவ்ளோ பெரிய ஆளு, ஆட்டம் முடிஞ்சும் உன்ன விடாம சந்தேகம் கேட்டுக்கிட்டு இருந்தாரே."

இல்லை, அவர்தான் என் தப்பைக் காட்டினார் என்றேன். இந்த அடக்கம்தான் என்னை மேலே கொண்டுபோகும் என்றார். மறுநாள் காலையே நண்பர் வீட்டுக்குப் போய் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான்.

அதன்பிறகு என்னிடம் பயந்தவர் யாரும் இல்லை. ரேட்டிங் வரவில்லை, வயசு ஏறியது. அந்த வேலையில் சேர்ந்தவன் ஊரப்பாக்கத்தில் வீடு கட்டினான். கிரகப்பிரவேசத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

சில வருஷம் கழித்து அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பக்கத்துப் படுக்கைக்காரரிடமும் அந்தக் கதையைச் சொன்னார், பெரிய பிளேயரே என்னிடம் சந்தேகம் கேட்டதை.

"இப்ப தம்பி என்ன பண்றாரு?" என்று அவர் கேட்டார்.

பெருமை குறையாத முகத்துடன் அப்பா என் பக்கம் திரும்பி, நான் பதில் சொல்லக் காத்திருந்தார்.