புல்வெளிக் குழாய்களில் காற்றடித்த நாள்

டென்மார்க்கில் புல்லுக்குத் தண்ணீர் விட மனிதர்கள் தேவையில்லை. அந்த வேலையை மேலே இருக்கிறவன் சம்பளம் வாங்காமல் வருடம் முழுவதும் பார்த்துக்கொள்கிறான். அப்படியிருந்தும் ஒடென்சேயின் ஒதுக்குப்புறத்தில் இருந்த எங்கள் வீட்டுத் தோட்டத்தில், தானாகத் திறந்து தானாக மூடும் ஸ்பிரிங்ளர் குழாய்களை நிலத்துக்குக் கீழே புதைத்தார் என் கணவர். அந்தத் தெருவிலேயே அப்படிச் செய்தவர் அவர் ஒருவர்தான். எங்கள் நாட்டில் போர் முடிந்த வருடம், முடிந்த மாதத்திலேயே அதைச் செய்தார்.

அந்த வசந்த காலம் முழுவதும் அவர் கோப்பன்ஹேகனுக்கு ரயில் ஏறிப் போய், பதாகை பிடித்து, போரை நிறுத்தச் சொல்லிக் கத்தி, தொண்டை கட்டித் திரும்பி வருவார். எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்ன அன்று ரிமோட்டை எடுத்து அதை நிறுத்தினார். நான் அழுதேன். அவர் அழவில்லை. அந்தக் கிழமைக் கடைசியில் கறுப்புப் பிளாஸ்டிக் குழாய்ச் சுருள்களை வாங்கிவந்து, மண்வெட்டியால் புல்தரையை நீளநீளமாக வெட்டத் தொடங்கினார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"புல்லுக் காயுது" என்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் குடையோடு நின்றுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற டேனிஷ்காரர் ஒருவர் தனியாக இருந்தார். அவர் ஒருநாள் வேலிச் செடிக்கு மேலால் தலையை நீட்டி, உங்கள் நாட்டில் போர் முடிந்துவிட்டதாமே, வாழ்த்துகள் என்றார். நல்ல மனிதர். செய்தியில் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறார், பாவம். நான் "தாக்" என்று நன்றி சொன்னேன். என் தம்பி உயிரோடு இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது என்பதை டேனிஷில் சொல்லத் தெரியாமல் இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்து அதைவிடக் கஷ்டமான செய்திகளையெல்லாம் அந்த மொழியில் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

தம்பி வன்னியில் இருந்தவன். சனத்தோடு சனமாகக் கடைசிவரை நகர்ந்து போனவன். ஆடி மாதத்தில் ஒருநாள் எங்கள் வீட்டுப் போன் அடித்தது. போரில் தப்பிய சனத்தை அடைத்துவைத்திருந்த முகாமுக்குள் யாரிடமோ கைத்தொலைபேசி இரவல் வாங்கி எடுத்திருந்தான். "அக்கா, இருக்கிறன்" என்றான். "தண்ணிதான் கரைச்சல். விடியமுதல் வாளியை வரிசையில வைச்சிட்டுக் காவல் இருக்கவேணும்" என்றான். அவ்வளவுதான், இணைப்புப் போய்விட்டது. அன்று பின்னேரம் மழை கொட்டிக்கொண்டிருக்க, எங்கள் ஸ்பிரிங்ளர் தன் நேரம் தவறாமல் தலையைத் தூக்கிச் சுற்றிச்சுற்றித் தண்ணீர் பீய்ச்சியது. எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. சுத்தியலை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். எனக்கு முதலே கணவர் அங்கே போய், குழாய்களை நேரத்துக்குத் திறந்து மூடுகிற சுவர்ப் பெட்டியின் வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு, அதே முகாமில் இருந்த ஒருவரின் உறவினர் மூலம் ஒரு கதை வந்தது. தம்பியை இராணுவத்தினர் விசாரணைக்கென்று வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை என்று. அப்படிப் போனவர்களைப் பற்றி எங்கள் ஆட்கள் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார்கள். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது எங்கள் வீட்டுப் போன் இலக்கம் ஒன்றுதான். ஆகவே வீட்டில் யாராவது ஒருவர் எந்நேரமும் அந்தப் போனுக்குக் காது கொடுத்தபடி இருக்கவேண்டும் என்று நான் சட்டம் போட்டேன். குளிக்கப் போகிறவர் ஆள் மாற்றிவிட்டுத்தான் போகவேண்டும். அடித்தவர்கள் எல்லாம் சந்தா கேட்கிற பத்திரிகைக்காரர்களும் பல் வைத்தியரின் காரியதரிசியும்தான்.

ஐப்பசி மாதம் இரவில் உறைபனி விழப்போகிறது என்று வானிலை அறிக்கை சொன்னது. கணவருக்குக் குழாய்களின் ஞாபகம் வந்துவிட்டது.

"ஓடாட்டிலும் உள்ளுக்குத் தண்ணி நிக்குதெல்லே. உறைஞ்சால் வெடிச்சிடும்" என்றார். "காத்தடிச்சு எல்லாத்தையும் வெளியால எடுக்கவேணும்."

"அதுக்கு ஆக்கள் இருக்கினம்தானே?"

"ஏன், எனக்குக் கை கால் இல்லையோ?"

தொப்பி போட்ட ஓர் அமெரிக்கர் இணையத்தில் எல்லாவற்றையும் விளக்கியிருந்தார். முதலில் தண்ணீர் வரும் பிரதான வால்வைப் பூட்டு. காற்றடிக்கிற கம்பிரஸரின் குழாயைப் பொருத்து. தூரத்து வரிசையில் தொடங்கி ஒவ்வொரு வரிசையாகத் திற. தண்ணீர் நின்று பனிப்புகார் போல வந்ததும் நிறுத்து. அழுத்தம் குறைவாகவே இருக்கட்டும், அவசரப்படாதே. இந்தக் கடைசி அறிவுரையை அவர் பலமுறை சொன்னார். என் கணவர் அந்த இடம் வரும்போதெல்லாம் தேத்தண்ணீர் ஊற்றப் போயிருக்கவேண்டும்.

டயர்க்கடை வைத்திருந்த சிநேகிதரிடம் கம்பிரஸரை இரவல் வாங்கிவந்தார். கராஜ் வாசலில் வைத்து ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். தெரு முழுவதும் அதிர்ந்தது.

"இந்தச் சத்தத்துக்கை போன் அடிச்சால் ஆருக்குக் கேக்கும்?" என்று நான் கத்தினேன். சண்டை பெரிதாகியது. அவனைவிட உங்களுக்குக் குழாய் பெரிதா என்று கேட்டேன். அவர் கம்பிரஸரின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்பியில்லாத அந்தப் போனைக் காதோடு வைத்து, அதற்கு மேலால் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டேன். ஒரு பக்கத் தலை புடைத்திருந்தது. யன்னலால் எட்டிப் பார்த்த மகள், "மோர், பின்லிட்" என்று டேனிஷில் சொல்லித் திரையை மூடினாள். அம்மா, வெட்கக்கேடு என்று அர்த்தம். அவளுக்குப் பதினைந்து வயது. அந்த வயதில் நான் மூச்சு விட்டாலும் அவளுக்கு வெட்கக்கேடுதான்.

வேலை தொடங்கியது. நான் கராஜுக்குள், வயரை மறுபடி கொளுவியிருந்த அந்தப் பெட்டியடியில் நின்றேன். கணவர் தோட்டத்தில் நின்று கையைக் காட்ட, நான் பொத்தானை அழுத்துவேன். தூரத்து வரிசையில் ஸ்பிரிங்ளர்கள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கி, சேற்றுத் தண்ணீரைத் துப்பி, இருமி, புகாராக ஊதி ஓய்ந்தன. "பாத்தீரே?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த மனிதர் சிரித்து எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன. கோபத்தில் இருந்த எனக்கும் அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த வரிசை மசியவில்லை. சின்னக் கம்பிரஸர், அடிக்கடி காற்றுத் தீர்ந்து, மறுபடி நிரம்பும்வரை காத்திருக்கவேண்டும். காத்திருக்க என் கணவருக்குத் தெரியாது. வந்து அழுத்தத்தைக் கூட்டுகிற திருகை இரண்டு முறுக்கு முறுக்கிவிட்டு மறுபடியும் தோட்டத்துக்குள் போனார்.

அந்த நேரம் பார்த்து என் காதுக்குள் போன் அடித்தது. தொப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கம்பிரஸர் சத்தத்தைத் தாண்டிப் புல்வெளிக்கு ஓடினேன்.

"அக்கா?"

"தம்பி! எங்கையடா நிக்கிறாய்?"

"திருப்பிக் கொண்டுவந்து விட்டிட்டாங்கள் அக்கா. முகாமிலதான் நிக்கிறன். ஒண்டும் செய்யேல்லை, நல்லா இருக்கிறன்."

ஒன்றும் செய்யவில்லை என்று அவன் அவ்வளவு அவசரமாகச் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனால் குரல் அவனுடையது. எனக்கு அது போதும்.

"அங்கை என்ன சத்தம்?" என்று கேட்டான்.

"அது அத்தான்..." என்று நான் தொடங்க, பொருத்தியிருந்த குழாய் கழன்று துவக்கு வெடித்த மாதிரி ஒரு சத்தம். கூடவே ஒரு ஸ்பிரிங்ளர் தலையும் பிய்ந்து வேலிக்கு மேலால் பறந்தது.

"படுங்கோ!" என்று போனுக்குள் தம்பி கத்தினான். "அக்கா, படுங்கோ! நிலத்தோட படுங்கோ!"

நான் படுத்தேன். வேலைக்குப் போடுகிற நல்ல கால்சட்டையோடு, ஈரப்புல்லில், முகம் கீழே இருக்கப் படுத்தேன். ஏன் படுத்தாய் என்று பிறகு எத்தனையோ பேர் சிரித்துக்கொண்டு கேட்டார்கள். அந்தக் குரலைக் கேட்டிருந்தால் அவர்களும் படுத்திருப்பார்கள். அவன் அதைப் பலருக்குச் சொல்லிப் பழகியிருந்தான்.

"தலையைத் தூக்காதேங்கோ. நான் சொல்லும் வரைக்கும் எழும்பாதேங்கோ."

"டேய், இது வெடியில்லையடா, புல்லுக்குத் தண்ணி விடுற..." என்றேன். அதற்குள் இணைப்புப் போய்விட்டது.

கணவர் ஓடிவந்தார். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரரின் தலை தெரிந்தது. பறந்துபோன ஸ்பிரிங்ளர் தலை அவர் கையில் இருந்தது. நான் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது. காயமா, அம்புலன்ஸுக்கு அடிக்கவா என்று டேனிஷில் கத்தினார்.

கணவர் அவரைக் கவனிக்கவில்லை. என் கையில் இருந்த போனைப் பார்த்தார். "அவனோ?" என்று கேட்டார்.

"ஓம். திருப்பி விட்டிட்டாங்களாம்."

அவர் வேலிப் பக்கம் திரும்பினார். "காயம் ஒன்றும் இல்லை" என்று டேனிஷில் சொன்னார். "இவளுடைய தம்பி உயிரோடு இருக்கிறான்." சொல்லிவிட்டு அப்படியே புல்லில் குந்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். போர் முடிந்த பிறகு அவர் அழுதது அன்றுதான்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. படலையைத் திறந்து உள்ளே வந்தார். எங்களைக் கடந்து கராஜடிக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த கம்பிரஸரின் சுவிட்சைத் தேடிக் கண்டுபிடித்து நிறுத்தினார்.

"எழும்பும்" என்றார் கணவர், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "கீழை ஈரம்."

"பொறுங்கோ" என்றேன். "அவன் இன்னும் எழும்பச் சொல்லேல்லை."