மடவளையில் இறங்கினேன்

முதலில் பீட்ரூட் என்றுதான் நினைத்தேன். முந்தைய நாள் மத்தியானம் பீட்ரூட் கறி வைத்திருந்தேன். மலத்தோடு சிவப்பாக எதையோ கண்டதும் மனம் அதைப் பிடித்துக்கொண்டது. மறுநாளும் வந்தபோது மூலம் என்றேன். அடுத்த வாரம் உடம்புச் சூடு என்றேன்.

அப்போது எனக்கு ஒரு வலைப்பூ இருந்தது. வார இறுதியில் நானும் என் கணவரும் பஸ் ஏறிப் போகும் இடங்களைப் பற்றி அதில் எழுதுவேன். பெரிய பயணங்கள் இல்லை. வத்தேகம சந்தை, ஹந்தானைப் பக்கம் ஒரு நடை, வழியில் சாப்பிட்ட கொத்துரொட்டி, மிளகாய்த்தூள் போட்ட அன்னாசி. வாசித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். எழுதிய எனக்கோ ஊரே காத்திருப்பதாக நினைப்பு.

பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓட வேண்டி வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் கண்டி மஹியாவையில் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுப்பவள். கொலனோஸ்கோபி (மலவாய் வழியாகக் கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். வந்திருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உட்சுவர் அழன்று, புண்ணாகி, இரத்தம் கசியும் நாட்பட்ட நோய்) என்றார்கள்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நிதானமாகப் பேசினார், நோயை வருத்தம் என்றார்.

"இது முழுசா மாறுற வருத்தம் இல்லையம்மா. ஆனா அடக்கி வைக்கலாம். மருந்தை மட்டும் நீங்களா நிப்பாட்டக் கூடாது."

"ரோட்டுக் கடையில சாப்பிட்டதால வந்ததா டொக்டர்?"

"ஆர் சொன்னது? உங்கட எதிர்ப்புச் சக்தி உங்கட குடலையே எதிரியா நினைச்சுத் தாக்குது. நீங்கள் செய்த பிழை ஒண்டும் இல்லை."

கண்ட இடத்தில் தின்று திரிந்தால் இப்படித்தான் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. டொக்டரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஸ்டீரொய்ட் (அழற்சியை வேகமாகத் தணிக்கும் வலுவான மருந்து) எடுத்த மாதங்களில் முகம் பூசணிக்காய் மாதிரி உப்பியது. தூக்கம் போனது. கோபம் மூக்கு நுனியில் நின்றது. என் கணவர் தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டாலும் குறையப் போட்டாலும் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு அந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நெடுநாளைக்கான மாத்திரைகளுக்கு மாற்றினார்கள். இரத்தம் நின்றது. ரெமிஷன் (நோய் அடங்கியிருக்கும் காலம்) என்று கிளினிக்கில் சொன்னார்கள்.

ஆனாலும் நான் வீட்டை விட்டு இறங்கவில்லை. வியாதி முற்றியிருந்த நாட்களில் ஒருமுறை, அடக்க முடியாமல் பஸ்ஸிலேயே என் உடுப்பு அழுக்காகிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் எழுந்து தள்ளிப் போய் நின்றாள். இதை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால், இதே நோயோடு இதைப் படிக்கிற உங்களுக்கு இந்தக் கட்டுரையால் ஒரு பிரயோசனமும் இல்லை.

கிளினிக்குக்கு மட்டும் முச்சக்கர வண்டியில் போய் வந்தேன். வலைப்பூவில், அடுத்த வாரம் ரங்கல போகிறோம் என்ற கடைசிப் பதிவு வருடக்கணக்காக அப்படியே கிடந்தது.

என்னை வெளியே தள்ளியது தைரியம் இல்லை, எரிச்சல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் தனியாக வத்தேகம சந்தைக்குப் போய்வந்தார். ஆசையாகக் கேட்டேன்.

"சந்தை எப்படிங்க இருந்துச்சு?"

"சந்தை மாதிரித்தான் இருந்துச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதரை நம்பி உட்கார்ந்திருந்தால் உலகத்தில் எனக்கு மிஞ்சப்போவது இவ்வளவுதான். அடுத்த ஞாயிறு நானே போகிறேன் என்றேன்.

"நானும் வரட்டா?"

"வேணாங்க. நீங்க இருந்தா பாதி வழியில திரும்பிருவேன்."

கிளம்பும் முன் கொஞ்சமாகச் சாப்பிட்டேன். மாற்றுடுப்பு, துடைக்கும் தாள், பொலித்தீன் பை எல்லாம் எடுத்துக்கொண்டு கண்டியில் வத்தேகம பஸ் ஏறி, கதவோரமாக உட்கார்ந்தேன். வழியில் மடவளைக் கடைத்தெரு நெருங்கும்போது அடிவயிறு இழுத்தது. "பஹினவா!" (இறங்கப்போகிறேன்) என்று சிங்களத்தில் கத்தி, நிறுத்தியதும் இறங்கி, கண்ணில் பட்ட முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

முக்காடு போட்ட ஒரு பெண் திறந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம்.

"அக்கா, எனக்குக் குடல்ல வியாதி. அவசரமா டொய்லட் போகணும்."

இதை வாய்விட்டுச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் உடனே கதவை அகலத் திறந்தார்.

"உள்ளுக்கு வாங்க. அந்தா பின்னுக்கு இருக்கு, போங்க."

நேரத்துக்குப் போய்விட்டேன். வெளியே வந்ததும் என்னை அறியாமல் அழுகை வந்தது.

"என்னத்துக்கு அழுறீங்க? மனிசருக்கு வாறதுதானே. கதிரையில இரிங்க, இஞ்சி போட்டு பிளேன்டி ஒண்டு ஊத்துறேன்."

பால் சேர்க்காத அந்தத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தபோது என் கணவர் போனில் அழைத்தார். விஷயத்தைச் சொன்னேன். உடனே வருகிறேன், வீட்டுக்குப் போய்விடலாம் என்று பதறினார். அந்தப் பக்கம் போனால் கண்டி, இந்தப் பக்கம் போனால் சந்தை. திரும்பினால் இனி ஒரு நாளும் இறங்கமாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. "நான் சந்தைக்குப் போறேங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுத்த பஸ்ஸில் போனேன். பலாப்பிஞ்சு வாங்கினேன். ஆசை தீர வேடிக்கை பார்த்தேன்.

அன்று பின்னேரமே வலைப்பூவைத் திறந்து எல்லாவற்றையும் எழுதினேன். நோயின் பெயர், பஸ், அந்த வீடு, பிளேன்டி. என் கணவர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"டியூஷன் பிள்ளைங்களோட அம்மாமாரும் படிப்பாங்களே?"

"படிக்கட்டும்."

படித்தார்கள். ஒரு தாய் தன் மகளை வகுப்பிலிருந்து நிறுத்திக்கொண்டார். தொற்று நோய் என்று பயந்திருப்பார். இது தொற்றாது. ஆனாலும் எனக்கு மனசு வலித்தது, பதிவை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அந்த வாரம்தான் அதன் கீழே கௌசல்யா என்ற பெண் எழுதியிருந்தாள். வத்தேகமக்காரி, அதே நோய், வாசல் தாண்டி மாதக்கணக்காகிறது. ஒரே ஒரு தடவை கண்டி வாவியைச் சுற்றி நடக்க வேண்டும், கூட வருவீர்களா என்று கேட்டிருந்தாள். பதிவு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவளை அழைத்துவர வத்தேகமவுக்குப் போனேன். கண்டி பஸ் ஏறிய சற்று நேரத்திலேயே என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். இறங்கினோம். ஒரு தேத்தண்ணிக் கடைக்காரரிடம் நானே விஷயத்தைச் சொன்னேன். அவர் பின்பக்கத்தைக் காட்டினார். திரும்பி வந்தவளின் முகம் செத்துப் போயிருந்தது.

"மன்னிச்சுக்கங்க அக்கா. என்னால உங்களுக்கும் பஸ் போயிருச்சு."

"அடுத்தது வரும். உட்காரு."

முன்பெல்லாம் ஒரு பஸ் தவறினால் நாளே பாழ் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவள் நான். இந்த உடம்பு சொல்கிற இடத்தில் இறங்கவும், அது ஆறும்வரை காத்திருக்கவும் பழகிவிட்டேன். மாத்திரையும் கிளினிக்கும் இனிக் கூடவே வரும். நோய் மறுபடியும் தலை தூக்கலாம். அதற்காக நாளைக்குப் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் இருக்கப் போவதில்லை.

அடுத்த பஸ்ஸுக்கும் அவள் எழும்பவில்லை. நான் இன்னொரு தேத்தண்ணி கேட்டேன். மூன்றாவது பஸ் வந்தபோது ரோட்டோரம் போய்க் கைகாட்டி நிறுத்தியது அவள்தான்.