மலைக்கு மேல மட்டும் மெக்கானிக்

வாங்கய்யா, காடி வச்சிருக்கிற மகராசனுங்களே, உங்களத்தான். எஞ்சின்ல சத்தம் வந்தா ரேடியோவ கூட்டி வைக்கிறது, புகை வந்தா "பனிதான் லா"ன்னு சமாதானம் பண்ணிக்கிறது, கடைசியில தள்ளிக்கிட்டே வந்து நம்ம பட்டறை வாசல்ல நிக்கிறது, எல்லாம் நீங்கதானே? பட்டறை வேலைன்னா வேற ஒண்ணுமில்ல, உங்க காடிய நாங்க கெடுப்போம், எங்க தூக்கத்த நீங்க கெடுப்பீங்க. நாலாம் பாரத்துல பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுட்டு, மலை மேல ரிங்லெட்ல ஒரு சீனத் தவுக்கே, அதான் முதலாளி, அவரு பட்டறையில சேர்ந்தவன் நான். ஸ்பேனர் புடிக்கக் கத்துக்கிட்டது அங்கதான். வாய் மட்டும் வரும்போதே ஃபுல் டேங்க்.

டிரஸ்ஸர் ஐயா காடிக்கு மூச்சு

மலையில காத்து லேசு. கீழ ஒழுங்கா ஓடின காடி மேல வந்தா, காத்து பத்தாம பெட்ரோல மட்டும் குடிச்சிட்டுக் கருப்பா புகை விடும். நாங்க கார்பரேட்டர்ல பெட்ரோல கொஞ்சம் குறைச்சு விடுவோம், பிரிஞ்சாங் மேட்ட சும்மா ஏறிடும். ஆனா அதே காடி தாப்பாவுக்கு இறங்கினா அங்க காத்து கனம், பெட்ரோல் பத்தாது, இழுக்காது. அதனால மேல திருகினவன் கீழ வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டுத்தான் சாவிய குடுக்கணும்னு தவுக்கே கண்டிசன் போட்டிருந்தாரு.

இங்கதான் ஒரு சங்கதி. தாப்பா ரோட்டு வளைவு எனக்கு ஒத்துக்காது. வாந்தி வந்துரும். நானே ஓட்டினாலும் வரும். மீன் விக்கிறவனுக்கு மீன் வாடை ஆகாதுன்னா வெளிய சொல்ல முடியுமா? பிரிஞ்சாங் வரைக்கும் போயிட்டு வந்து, கீழயும் பார்த்தாச்சுன்னு சொல்லிருவேன். எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஐயா அத நம்பி தாப்பாவுக்குப் போயிட்டாரு. மறுநாளு பட்டறைக்கு வந்து, மூக்குக் கண்ணாடிய கழட்டி நிதானமா துடைச்சுக்கிட்டே சொன்னாரு: "தம்பி, என் காடி கீழ மூச்சு வாங்குது. மனுசனா இருந்தா ஊசி போட்ருவேன், இதுக்கு எங்க போடுறதுன்னு நீயே காட்டு."

பிஸ்கட் டின்னுல போன மூளை

சிவம் என் கூட்டாளி. தேயிலை ஃபேக்டரியில லோரி ஓட்டிக்கிட்டு இருந்தான். எஸ்டேட் மேனேஜர் துரை எவ்வளவோ சொல்லியும் கேக்காம வேலைய விட்டுட்டு, ஈப்போவுல ஒரு செகண்ட்ஹேண்ட் காடி வாங்கினான். பெர்மிட் இல்லாம எஸ்டேட் ஆளுங்கள ஏத்திக்கிட்டு தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் ஓட்டுறதுதான் இனிமே பொழப்புன்னான். அந்தக் காடியில கார்பரேட்டர் கிடையாது. சீட்டுக்கு அடியில ஒரு பெட்டி இருக்கும், அதுதான் கணக்குப் போட்டு பெட்ரோல் ஊத்தும். எங்க பக்கம் அப்படி ஒண்ண யாரும் பார்த்ததில்ல. பெட்ரோல் அதிகமா குடிக்குதுடான்னு சிவம் வந்தான். மலைக் காடின்னா பெட்ரோல குறைக்கணும், எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் அது ஒண்ணுதான். திருக ஸ்க்ரூ எங்கன்னு பெட்டிய தொறந்தா, பூரான் மாதிரி காலு வச்ச ஒரு சிப்பு உக்காந்திருக்கு.

ஈப்போவுல ஆ மெங்னு ஒருத்தன், கேம் மெஷின் ரிப்பேர் பண்றவன். ரேஸ் ஓட்டுற பசங்களுக்கு இந்த மாதிரி சிப்புல கணக்க மாத்தி எழுதிக் குடுப்பான். சிப்ப பிஸ்கட் டின்னுல பஞ்சு வச்சு மூடி, பெட்ரோல குறைச்சு எழுதி வாங்கிட்டு வாடான்னு சிவத்த பஸ்ஸுல அனுப்பினேன். ஆ மெங் பட்டறைக்குப் போன் போட்டு மலாய்ல படிச்சுப் படிச்சு சொன்னான். பழைய சிப்புல கை வைக்கலையாம், புதுசுலதான் எழுதியிருக்கானாம், பழச பத்திரமா வைக்கணுமாம். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு, பெட்ரோல் பத்துதான்னு பிளக்க கழட்டி நிறம் பார்க்கணும், கீழ வெயில்ல ஓட்டிப் பார்க்காம காடிய யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னான். நான் எல்லாத்துக்கும் போலே, போலே, செஞ்சிரலாம்னேன்.

ரெண்டு சிப்போடயும் திரும்பி வந்த சிவம், இன்னும் ரெண்டு நாளு காடிய பட்டறையிலயே விட்டுட்டுப் போனான். புது சிப்ப மாட்டி பிரிஞ்சாங் வரைக்கும் ஓட்டினேன், நல்லாத்தான் போச்சு. கீழயும் பார்த்தியாடான்னு வந்து கேட்டான். பார்த்தாச்சு மச்சான்னேன். அவன் சாவிய வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டான். "நீ பார்த்துட்டேன்னா நான் பார்த்த மாதிரி."

ஜன்னல்ல ஒரு மூளை

பழைய சிப்பு மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. பிய்ச்சுப் பார்த்தா சின்னதா ஒரு கண்ணாடி, உள்ள மினுமினுன்னு என்னமோ தெரியுது. பட்டறைக்கு வர்றவங்களுக்கெல்லாம் காட்டுறதுக்காக அத ஜன்னல்ல வெயில் படுற இடத்துல வச்சுட்டேன். காடியோட மூளை, வந்து பாருங்கன்னு ஒரே விளம்பரம். திரிங்காப்புல காய்கறி ஏத்துற லோரிக்கார மாரி அண்ணன் குனிஞ்சு பார்த்தாரு, அப்புறம் என்னையும் ஒரு பார்வை பார்த்தாரு. "இத்துனூண்டுதானா? அப்ப உனக்கும் இருக்கலாம்னு ஒரு நம்பிக்கை வருது."

கோஸ் லோரி

கீழ போற நேரத்துல எஞ்சின்ல டிக் டிக்னு சத்தம் வருதுன்னு சிவம் சொல்லிக்கிட்டேதான் இருந்தான். புது மூளை, பழகட்டும் லான்னு சிரிச்சு அனுப்பினேன். அந்தச் சிரிப்ப நினைச்சா இப்பவும் காது சுடுது.

எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிற செல்விக்குத் தாப்பா கோயில்ல கல்யாணம். பொண்ணு காடி சிவத்தோடது. அவனுக்குக் கிடைச்ச முதல் கல்யாண சவாரி, முன்னாடி ரிப்பன் எல்லாம் கட்டியிருந்தான். மலை இறங்கி சமவெளி ரோட்டுல கொஞ்சம் அழுத்தினதும் டிக் டிக் படபடன்னு ஆகி, புகை வந்து, காடி நின்னுருச்சு. பட்டுச் சேலையோட பொண்ணு ரோட்டோரத்துல நிக்குது. அம்மாக்காரி அழுவுறாங்க. பின்னாடி வந்தது மாரி அண்ணன் லோரி. முன்னாடி ரெண்டு சீனப் பாட்டிங்க உக்காந்திருக்க, பொண்ணும் அம்மாவும் பின்னாடி கோஸ் கூடைங்களுக்கு நடுவுல உக்காந்துதான் கோயிலுக்குப் போனாங்க. முகூர்த்தம் முடியுறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாங்க, அந்த மட்டும் சரி.

மறுவீட்டுக்கு வந்தப்ப செல்வி புருசன கூட்டிக்கிட்டு நம்ம பட்டறைக்கே வந்துச்சு. திட்டும்னு நினைச்சு ஜாக்கி பின்னாடி ஒதுங்கினேன். திட்டல. திட்டியிருந்தா தேவல. "அண்ணே, எல்லாப் போட்டோவுலயும் தலையில பூ இருக்கு. ஒண்ணுல மட்டும் கோஸ் எல இருக்கு, அதத்தான் மாமியார் வீட்டுல எல்லாருக்கும் காட்டுறாங்க."

பிளாஸ்டிக் பை

தவுக்கே எஞ்சின பிரிச்சாரு. பெட்ரோல் பத்தாம சூடேறி, பிஸ்டன்ல சிகரெட்டால சுட்ட மாதிரி ஓட்டை. பிஸ்டன மாத்திட்டு பழைய சிப்பயே மாட்டிரலாம்னா, அது செத்துக் கிடக்கு. ஆ மெங்குக்குப் போன் போட்டோம். அந்தக் கண்ணாடி வழியா வெயில் பட்டா உள்ள எழுதினது அழிஞ்சு போயிரும், ஸ்டிக்கரே அதுக்குத்தான்டான்னான். இன்னொண்ணும் சொன்னான். மலைக் காத்து லேசுன்னு அந்தப் பெட்டிக்கே தெரியுமாம், அதுவே பெட்ரோல குறைச்சுக்குமாம். அது குறைச்சதுக்கு மேல நான் குறைச்சிருக்கேன். நல்ல வேளை, முதல் வேலையா பழசுக்கு ஒரு காப்பி எடுத்து வச்சிருந்தான். அதுலருந்து அப்படியே வேற சிப்பு எழுதி அனுப்பினான்.

எஞ்சின் தயாராகுற வரைக்கும் சிவத்துக்குப் பொழப்பு இல்ல. துரைகிட்ட போய் நின்னான். லோரிய வேற ஆளுக்குக் குடுத்தாச்சு, மூட்டை தூக்குறியான்னாரு. தூக்கினான். நான் அந்தப் பக்கமே போகல. காடி தயாரானப்ப அவனுக்கு வேற தலைவலி: சிவம் காடியா, வேணாம்பான்னு எஸ்டேட் லயத்து வீடுங்கள்ல ஒருத்தரும் ஏறல.

ஒரு நாளு பட்டறைக்கு வந்து முன் சீட்டு கதவ தொறந்தான். பின்னாடி செல்வியோட அம்மா உக்காந்திருக்காங்க, எப்படிக் கூட்டிட்டு வந்தானோ, அவங்களே ஏறிட்டா லயமே ஏறும்னு கணக்கு. கீழ வரைக்கும் ஓட்டிப் பார்க்கணும், ஏறுன்னான். வாந்தி விசயத்த அன்னைக்குத்தான் சொன்னேன். அவன் பட்டறையில கிடந்த ஒரு கட்டு பிளாஸ்டிக் பைய எடுத்து என் மடியில போட்டான். தாப்பா வரைக்கும் அந்த அம்மா பின்னாலருந்து என் நெத்திய புடிச்சுக்கிட்டே வந்தாங்க, மக கல்யாணத்த பத்தி ஒரு வார்த்தை இல்ல. கீழ வெயில்ல எஞ்சின் சத்தமே இல்லாம ஓடுச்சு. நான் ரோட்டோரம் குந்திக்கிட்டு இருந்தேன். சிவம் தண்ணி போத்தல நீட்டிக்கிட்டே சொன்னான்: "காடி நல்லா இருக்கு. இந்த வாந்திய அன்னைக்கே எடுத்திருக்கலாமேடா."

அந்தக் காடியில யாரு உதவியும் இல்லாம முழுசா நானே செஞ்ச வேலைன்னா, "பார்த்தாச்சு"ன்னு சொன்ன பொய் ஒண்ணுதான்.