பின்னாடியே காலி வண்டி வருது

பீர் மைதீன் ஒரே ஒரு பொய்யை வைத்துப் பிழைப்பு நடத்தியவன். இதை நான் சொல்லலாம். அவன் கண்டக்டராக இருந்த பஸ்ஸுக்கு நான்தான் டிரைவர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே எங்கள் முதலாளியின் வண்டியை ஓட்டியே எனக்கு முடி நரைத்தது. சோலைராஜ் என்றால் பஸ் ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரியும். வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்பதும் தெரியும்.

காலையில் மில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், கிருஷ்ணன்கோவில் காலேஜுப் பையன்கள், கூடையோடு நிற்கிற சுந்தரபாண்டியத்துப் பெண்கள் என்று எல்லாரும் ஒரே வண்டியில் ஏறப் பார்ப்பார்கள். உள்ளே மூச்சு விட இடம் இருக்காது. பீர் மைதீன் படியில் நின்று கையை விரிப்பான். "ஏக்கா, எதுக்கு இந்த நெரிசல்ல கெடந்து சாகுறீய? பின்னாடியே காலி வண்டி வருது. ராணி மாதிரி உக்காந்து போலாம்" என்பான். அவன் சொல்கிற தோரணையைக் கேட்டால் எனக்கே இறங்கி நின்றுவிடலாமா என்று தோன்றும். பின்னால் ஒரு வண்டியும் வராது. வந்தாலும் எங்களுடையதைவிட மோசமாகப் பிதுங்கிக்கொண்டு வரும். மறுநாள் அதே அக்கா அவனை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். அவன் இளித்துக்கொண்டே அவளுக்கு முதல் ஆளாக இடம் பிடித்துக் கொடுப்பான். அவன் மேல் கோபத்தை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது கஷ்டம்.

அவன் மகள் ஜரீனா அப்போது சின்னப் பிள்ளை. அவனை அத்தா என்றும் என்னை மாமா என்றும் கூப்பிடுவாள். லீவு நாளில் எங்கள் வண்டியில் ஏறி, எனக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டி மேல் சாக்கைப் போட்டு உட்கார்ந்து வருவாள். அத்தாவின் குரலை அப்படியே எடுத்து, கையை விரித்து, "ஏக்கா, பின்னாடியே காலி வண்டி வருது!" என்பாள். பஸ்ஸே சிரிக்கும். "பாருலே, ஒன் பொழப்ப ஒம்மகளும் படிச்சிட்டா" என்று நான் கத்துவேன். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை வரும், ஏதோ மகள் கலெக்டர் பரீட்சை பாஸ் பண்ணியதைப் போல.

எண்பத்தாறில் அவன் ஷார்ஜாவுக்குப் போனான். கட்டட வேலை நடக்கிற இடத்தில் சாமான் ஸ்டோரில் எடுபிடி வேலை. ஒரே அறையில் பன்னிரண்டு பேர், அடுக்குக் கட்டில். இடையில் ஒரு தடவைதான் ஊருக்கு வந்துபோனான். தொண்ணூற்று மூன்றில் ஜரீனாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் நல்ல இடம் அமைந்தது.

அவர்கள் வழக்கத்தில் நிக்காஹ் நடக்கும்போது பெண்ணின் அத்தா மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார வேண்டும். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தருகிறேன் என்று சபை கேட்கச் சொல்ல வேண்டும். அத்தா இல்லாத பெண்ணுக்குத்தான் வேறு ஆள் அதைச் செய்வது. ஜரீனா தன் அத்தாவிடம் கேட்டது அது ஒன்றைத்தான். பீர் மைதீனின் மச்சினன் ஜமால் முகமதுவின் பலசரக்குக் கடையில் போன் இருந்தது. அன்றைக்கு நானும் கடையில் நின்றிருந்தேன். "மத்ததெல்லாம் மாமா பாத்துக்கிடுவாக. நீங்க வந்து உக்காந்து கையப் பிடிங்க அத்தா. எனக்கு அது போதும்" என்று அவள் போனில் சொன்னதை என் காதால் கேட்டேன். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, இவள் சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். பீர் மைதீன் வெள்ளிக்கிழமையே திருவனந்தபுரத்தில் வந்து இறங்குவதாக ஏற்பாடு. எங்கள் பக்கம் ஒருவன் வளைகுடாவிலிருந்து வருகிறான் என்றால் சும்மா ஆட்டோ பிடித்தா வருவான்? வேன் நிறைய ஆள் போய்த்தான் அழைத்து வருவார்கள். ஜமால் முகமது வேன் பேசினான். ஓட்டியது நான். தெருவில் பாதிப் பேர் புளிச்சாதப் பொட்டலத்தோடு ஏறிவிட்டார்கள். ஆரியங்காவு வளைவில் பாதி வேன் வாந்தி எடுத்தது. அதையும் பொறுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

விமானம் வந்தது. கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எங்கள் ஆளைக் காணவில்லை. கடைசியில் கடையநல்லூர்க்காரர் ஒருவரை ஜமால் முகமது மறித்துக் கேட்டான்.

"ராசபாளையத்து பீர் மைதீனா? அவுரு வரல. சீட்ட விட்டுக் கொடுத்துட்டாரு" என்றார் அவர்.

"எதுக்கு?"

"ப்ளேன் கம்பெனிக்காரன் இருக்குற சீட்டுக்கு மேல டிக்கெட் வித்துப்புட்டான். நாலு பேரு நின்னுக்கிட்டா ஓட்டல்ல ரூமு, சாப்பாடு எல்லாம் தாரோம், நாளைக்கு ப்ளேன்ல அனுப்புறோம்னு கவுண்டர்ல ஒரு புள்ள கெஞ்சிச்சு. நாங்க எல்லாம் தலையக் குனிஞ்சுக்கிட்டோம். அவருதான் மொத ஆளா கையத் தூக்கினாரு. ரொம்ப நல்ல மனுசன்."

நல்ல மனுஷனாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேனில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவனுக்காக வைத்திருந்த சீட் காலியாகவே கிடக்க, வந்த வழியே வேனை ஓட்டிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டு வாசலிலேயே பீர் மைதீனின் மனைவி சம்சாத் பேகம் நின்றிருந்தாள். "ப்ளேன் ரிப்பேராம்ல? கடைக்குப் போன் பண்ணிச் சொன்னாவ. அவிய நாளைக்கு வந்துருவாவ" என்றாள். ஜமால் முகமதுவுக்கு அடக்க முடியவில்லை. "ரிப்பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல அக்கா. ஓட்டல்ல தங்குறதுக்காக மச்சான் அவரா நின்னுட்டாரு" என்று போட்டு உடைத்துவிட்டான். கையில் மருதாணியோடு ஜரீனா உள்ளே நின்றாள். அவள் காதில் விழாமல் எப்படி இருக்கும்? சம்சாத் பேகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "தெருவுல யாருட்டயும் சொல்லிறாதீக" என்றாள். வேன் நிறைய தெருவேதான் போயிருந்தது. யாரிடம் சொல்லாமல் இருப்பது?

சனிக்கிழமை மறுபடியும் போன் வந்தது. அன்றைய விமானத்திலும் இடம் இல்லையாம். ஞாயிறு காலையில் கண்டிப்பாக வந்துவிடுவேன், வேன் அனுப்ப வேண்டாம் என்றானாம்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு நேரம் நெருங்கியதும் பெரியவர்கள் முடித்துவிடலாம் என்றார்கள். பீர் மைதீனின் அண்ணன் ஹுமாயூன் போய் உட்கார்ந்து, தம்பி மகளுக்காக மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு ஆள், "ஓட்டல் சோத்துக்கு ஆசப்பட்டு மக நிக்காஹையே விட்டுட்டானாமே" என்று பக்கத்து ஆளிடம் சொல்லிச் சிரித்தான். எழுந்து அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் என்ன சொல்லிச் சண்டை போடுவது? அவன் சொன்னதில் எது பொய்? தலையைத் தூக்காமல் கையைக் கழுவிவிட்டு டூட்டிக்கு வந்துவிட்டேன். அவமானம் என்னவோ நானே ஓட்டலில் தங்கியதைப் போல இருந்தது.

சாயங்காலம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் வண்டியை எடுக்கப்போகும்போது தென்காசி பஸ்ஸிலிருந்து பீர் மைதீன் இறங்கினான். கையில் ஒரு பெட்டி. சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டிக்கிடந்தது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"முடிஞ்சிருச்சா சோலை?"

"முடிஞ்சிருச்சு. வில்லிபுத்தூருக்கே கூட்டிட்டுப் போயிட்டாக. ஏறு."

வண்டியில் இடம் இருந்தது. அவன் உட்காரவில்லை. எனக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஊரைத் தாண்டியதும், "ப்ளேன் ரிப்பேராயிருச்சு சோலை" என்று ஆரம்பித்தான்.

"இன்னொரு வார்த்த பொய் சொன்னேன்னா வண்டிய நிறுத்தி எறக்கி விட்டுருவேன். கடையநல்லூர்க்காரன் எல்லாத்தையும் சொல்லிட்டான். ஊருக்கே தெரியும்."

கண்ணாடியில் பார்த்தேன். அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கவுண்டர்ல அந்தப் புள்ள அழுறாப்ல நின்னுச்சு சோலை. ஒருத்தனும் அசையல. அது எந்தப் பாடு படும்னு எனக்குத்தான தெரியும்? நானும் படியில நின்னவன்தான?"

"அதுக்கு மக நிக்காஹ விடுவியாலே?"

"நாளைக்குப் போற ப்ளேன் காலியாத்தான் போகுதுன்னு சொல்லுச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏலே, அது யாரு சொல்லுற சொல்லுலே? எம்புட்டு வருசமா அதச் சொல்லி எம்புட்டுப் பேரத் தெருவுல நிறுத்துன? ஒனக்குமா தெரியல?"

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவன் குனிந்து என் காதருகே வந்தான்.

"தெரிஞ்சிருக்கும் சோலை. யோசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். ஓட்டல் ரூமுன்னு அது சொன்னதும் எனக்கு வேற ஒண்ணும் ஓடல. ஏழு வருசமா பன்னெண்டு பேரு மூச்சுக்குள்ள படுத்தவன். ஒரே ஒரு நா கதவச் சாத்திட்டுத் தனியா ஒரு கட்டில்ல படுக்கணும்னு தோணிப்போச்சு. படுத்தேன். நல்லாத் தூங்கினேன் சோலை. அத நெனச்சாத்தான் என்னக் கண்டா எனக்கே ஆகல."

திட்டுவதை விட்டுவிட்டு வண்டியை விரட்டினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டியை நிறுத்திவிட்டு நானே அவனை மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றியவன் உள்ளே கால் வைக்க மாட்டேன் என்கிறான். முதுகில் கை வைத்துத் தள்ளினேன். மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாக வாங்க என்று நாற்காலி போட்டார்கள். அந்த மரியாதையே அவனைக் கொன்றிருக்கும். ஜரீனா நிக்காஹ் சேலையோடு வந்து நின்றாள்.

ஏழு கடல் தாண்டி வந்தவனுக்கு அந்த நேரத்தில் வேறு வார்த்தையே கிடைக்கவில்லை. "நாளைக்கு ப்ளேன் காலியாப் போகுதுன்னு சொன்னாகம்மா" என்றான்.

அவள் அவனையே பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

"நீங்களுமா அத்தா அத நம்புனீங்க?" என்று கேட்டாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே தட்டு எடுக்கப் போனாள். அவன் தன் வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன்.

அவன் அதன் பிறகு ஷார்ஜாவுக்குப் போகவில்லை. முதலாளியிடம் நான்தான் பேசினேன். அதே வண்டியில், அதே படியில், மறுபடியும் விசிலோடு ஏறினான். ஆனால் அந்தப் பொய் மட்டும் அவன் வாயில் வரவில்லை. கூட்டம் எப்படி முட்டினாலும், "பின்னாடி வருதா இல்லையான்னு எனக்குத் தெரியாதுக்கா. ஏறுறதுன்னா ஏறு" என்பான். எல்லாரும் ஏறினார்கள். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போகும். டயர் தேய்கிறது என்று முதலாளி கத்துவார். கண்ணாடி மறைக்கிறது என்று நான் கத்துவேன். வன்னியம்பட்டிக்குப் போகிற இளவட்டங்கள் அவனுக்கு ப்ளேன் பாய் என்று பேரே வைத்துவிட்டார்கள். "என்ன ப்ளேன் பாய், ப்ளேன் சீட்டையே கொடுத்தீரு, எங்களுக்கு ஒரு பஸ் சீட்டு தரமாட்டீரா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். முன்பென்றால் ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுப்பான். இப்போது குனிந்த தலையோடு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பான். ஜரீனா தாய்வீட்டுக்கு வந்துபோகும்போதெல்லாம் அவனோடு நன்றாகத்தான் பேசுவாள். அவன்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசுவான்.

இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். ஆடிப்பூரத் தேர் அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் வைக்க இடமில்லை. எங்கள் வண்டி நின்றதும் மூட்டையும் பிள்ளையுமாக ஜனம் அப்படியே மேலே விழுந்தது. கூட்டத்துக்கு வெளியே ஜரீனா நின்றிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, தோளில் பை. அம்மாவைப் பார்க்க ராஜபாளையம் புறப்பட்டிருக்கிறாள். பிதுங்குகிற வண்டியைப் பார்த்தாள், படியில் தத்தளிக்கிற அத்தாவைப் பார்த்தாள்.

"நீங்க போங்க அத்தா. நான் பின்னாடி வண்டில வாரேன்" என்றாள்.

அவள் குத்திக்காட்டவில்லை. அவள் அந்த ரகம் இல்லை. அத்தாவுக்குச் சிரமம் வேண்டாமே என்றுதான் சொன்னாள். ஆனால் கண்ணாடியில் எனக்கு அவன் முகம் தெரிந்தது. விசில் வாயிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது. கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு கீழே இறங்கினான். அவள் தோளிலிருந்து பையை வாங்கினான். ஷார்ஜாவிலிருந்து வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"பின்னாடி வண்டி கெடையாதும்மா. ஏறு" என்றான்.

அவள் கையைப் பிடித்து ஏற்றி, கண்டக்டர் சீட்டில் குழந்தையோடு உட்கார வைத்தான். அவன் ஃபுட்போர்டில் ஒற்றைக் காலை ஊன்றித் தொங்கினான். நான் கியரைப் போட்டுக்கொண்டு விசிலுக்காகக் காத்திருந்தேன். விசில் வரவில்லை. அவனால் ஊத முடியவில்லை. ஜனம் போகலாம் போகலாம் என்று கத்தியது. வாயை மூடுங்க என்று அதற்கு மேல் நான் கத்தினேன்.

கடைசியில் உள்ளேயிருந்து ஜரீனாதான் குரல் கொடுத்தாள். "அத்தா ஏறிட்டாக மாமா. போலாம்."