தண்ணீர்த் தொட்டியின் மேல் என் வீட்டுக்காரர்

எங்கள் வீட்டு முன்னால் ரோட்டுக் குழியில் என் வீட்டுக்காரர் வாழைக்கன்று நட்ட அன்று நானும் சேர்ந்துதான் சிரித்தேன். கேரள எல்லையில், பாறசாலையில் ஆட்டோ ஓட்டுகிறவர். அந்தக் குழிக்காக மனு கொடுக்க நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். வாழையை உள்ளூர் கேபிள் சேனல் காட்டியது. அந்த வாரமே தார் வந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் போதகரே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மனு குடுத்தா ஒருத்தனும் பாக்கமாட்டான். டிவியில காட்டணும், அதாக்கும் காரியம்" என்றார் இவர். இல்லை என்று எப்படிச் சொல்வேன்? கண் முன்னால் ரோடு கிடக்கிறதே.

அதோடு நின்றிருக்கலாம். தெருவிளக்கு எரியவில்லை என்று பட்டப்பகலில் தீப்பந்தத்தோடு நடந்தார். ஓடை நாறுகிறது என்று அதற்குள் பாய் விரித்துப் படுத்தார். எல்லாவற்றுக்கும் முந்தின நாளே சட்டையைத் தேய்த்து வைக்கச் சொல்வார். சேனல்காரன் போன் பண்ணினால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், நான் கேட்க வேண்டுமாம். ஒருநாள் அவன் மலையாளத்தில் சொன்னான்: இதெல்லாம் பழசாகிவிட்டது சேட்டா, கொஞ்சம் உயரமாக ஏதாவது பாருங்கள்.

"உயரமா எண்ணா என்னத்த சொல்லுகான் அவன்?" என்று கேட்டேன்.

"நீ உனக்க சோலிய பாரு" என்றார். இன்றும் அவர் போன் அடித்தால் யார் என்று நான்தான் முதலில் எட்டிப் பார்க்கிறேன்.

குழாயில் தண்ணீர் வராமல் போனதும் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறிவிட்டார். நான் ஓடிப் போய்ச் சேரும்போது உச்சியில் நின்று கத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் வராமல் இறங்கமாட்டாராம். கீழே நின்ற சேனல்காரன் இன்னும் விளிம்புக்கு வரச்சொல்லிக் கை காட்டினான், இவரும் வந்தார். "எலே, அவருக்குத் தலை சுத்துனா நீ பிடிப்பியா?" என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். பாவி, அதையும் படம் பிடித்தான்.

பிறகு அவனுக்கு ஒரு போன் வந்தது. ஹைவேயில் லாரி கவிழ்ந்துவிட்டதாம். பைக்கை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான். அவன் பின்னாலேயே கூட்டமும் கலைந்தது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணினேன்; வண்டியும் அங்கேதான் போயிருக்கிறது, வரத் தாமதமாகும் என்றார்கள். கிழக்கே மேகம் கறுத்து வந்தது. நனைந்த இரும்பில் இந்த மனிதர் எப்படி இறங்குவார்?

"இஞ்ச பாருங்க, மழை வருது. எறங்குங்க!"

"சேனல்காரன் எங்க?"

"அவன் போயாச்சு. நீங்க வாங்க."

"கேமரா இல்லாம எறங்குனா நாட்டுக்காரன் சிரிப்பான். அவன் வரட்டும், பெறவு எறங்குகேன்."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். கெஞ்சினேன், அழுதேன். மனிதர் அசையவில்லை. முதல் தூறல் முகத்தில் விழுந்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, என் போனை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தேன். "நான் எடுக்கேன்! லைவ் போவுது! எல்லாரும் பாக்காவ! எறங்குங்க!"

உடனே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். பாதி வழியில் ஒரு கையை விட்டு, போனைப் பார்த்து ஆட்டினார். ஐயோ, என் இயேசுவே! "ரெண்டு கையாலயும் பிடிங்க!" என்று அலறியதில் போன் தாழ்ந்துவிட்டது. அவர் அங்கேயே நின்றுவிட்டார். மழை வலுத்துக்கொண்டிருந்தது. மறுபடி போனைத் தூக்கினேன். ஒரு படி இறங்கினார். கை கடுத்தும் நான் தாழ்த்தவில்லை.

அவர் கால் தரையில் பட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்தார்.

"எத்தற பேரு பாத்தாவ?"

"நான் பாத்தேன்" என்றேன். "நான் மட்டுந்தான்."

அவர் முகம் தொங்கிப்போனது. கொட்டுகிற மழையில் திரும்பி, அந்த ஏணியை அண்ணாந்து பார்த்தார். பிடித்த கையை நான் விடவில்லை.