முகவரியின் கடைசி வரி

என் 1959-ஆம் ஆண்டு டைரியில், டிசம்பர் மாதப் பக்கம் ஒன்றில் இப்படி இருக்கிறது: "திருத்தணி நண்பனுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பியாயிற்று. முகவரியில் சென்னை ராஜ்யம் என்றே எழுதினேன்." அந்த 'என்றே'யைப் படித்தால் இப்போதும் கூசுகிறது.

நாங்கள் இருவரும் திருப்பதியில் ஒரே அறையில் தங்கி ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள். நான் புத்தூர்த் தமிழன். அவன் தெலுங்குக் கிறிஸ்தவன். திருத்தணிப் பெண்ணைக் கட்டி, அங்கேயே வேலை பார்த்தான். டிசம்பரில் என் கிறிஸ்துமஸ் கார்டு அவனுக்கும், ஜனவரியில் அவனுடைய பொங்கல் வாழ்த்து எனக்கும் தவறியதே இல்லை. ஆந்திர-தமிழக எல்லைத் தகராறில் நான் தமிழ்ப் பக்கம் கோஷம் போட்டேன். கடைசியில் என் புத்தூர் ஆந்திராவிலேயே நின்றது. அதுவரை ஆந்திராவிலிருந்த அவன் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு என்று முடிவானது. கிடைத்த அந்த ஒரு வெற்றியைத்தான் உறைமேல் எழுதி அனுப்பினேன்.

பொங்கலுக்கு அவன் வாழ்த்து வரவில்லை. அடுத்த ஞாயிறு ரயிலேறி அவன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் வழக்கம்போல் சுவருக்குச் சுவர் கட்டிய சணல் கயிற்றில் கார்டுகள் தொங்கின. என்னுடையது இல்லை.

"தேடாதீங்கண்ணா, அங்க இல்ல" என்றார் அவன் மனைவி. "இங்கியே இருக்கறதா, ஆந்திராவுக்கு மாத்தல் வாங்கிக்கினு போறதான்னு இவரு ஒரு மாசமா சரியா துன்றது கூட இல்ல. நீங்க இன்னாடான்னா கவர்மேல மேளம் அடிக்கிறீங்க."

அவன் உறையை எடுத்து வந்தான். 'சென்னை ராஜ்யம்' என்பதன்மேல் நீலப் பென்சிலில் ஒரு கோடு.

"ஏமிரா, தேதி தப்பாம எழுதற ஆளாச்சே நீ? ஏப்ரல் ஒண்ணு வரைக்கும் நான் ஆந்திராவுலதான்டா கீறேன். மூணு மாசம் பொறுக்க முடியலையா?"

"தப்புதான்டா" என்றேன்.

அவன் உறைக்குள்ளிருந்த கார்டை உருவிக் கையில் கொடுத்தான். "கார்டுமேல கோவம் இல்ல. நீயே மாட்டு."

கயிற்றின் ஓரத்தில் மாட்டப் போனேன். "நடுவுல மாட்டுங்கண்ணா, எல்லையில வாணாம்" என்றார் அவன் மனைவி. அவன்தான் முதலில் சிரித்தான்.

அவன் மாற்றல் வாங்கவில்லை, திருத்தணியிலேயே இருந்துவிட்டான். 1960 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அந்த வரி சரியாகிவிட்டது. ஆனாலும் நான் அதை எழுதவில்லை. ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். கார்டுகள் ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தன. இன்றும் எந்த வாழ்த்தையும் பெட்டியில் போடுவதற்கு முன், வாங்கப் போகிறவரின் கண்ணால் உறையை ஒருமுறை படித்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் பாக்கி. அந்த நீலக் கோடு தபால்காரர் போட்டது என்றார் அவன் மனைவி. நான்தான் போட்டேன் என்றான் அவன். தபாலாபீசிலும் நீலப் பென்சில் உண்டு, நோட்டுத் திருத்தும் அவனிடமும் உண்டு. யார் போட்டது என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.