சாமிக்குச் சீட்டு எழுதிய மேஜை

கோவிலில் உட்கார்ந்து பிறருக்கு மன்றாட்டுச் சீட்டு எழுதும் வேலைக்குக் கையெழுத்து நன்றாக இருந்தால் போதும். விசுவாசம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்கு என் பாடு புரியும்.

மயிலாப்பூரில் எங்கள் மாதா கோவிலில் புதன்கிழமை மாலை நவநாள் ஜெபம். வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பூசைக்கு முன் நான் அவற்றைப் பெயர் சொல்லாமல் மைக்கில் படிப்பேன். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் முழுவதும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்லும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தருவதும் நான்தான். என் கணவர் எட்டு மாதம் படுக்கையில் கிடந்தபோது, வாரம் தவறாமல் நானும் சீட்டுப் போட்டேன். அவர் போய்விட்டார். அதன் பிறகு எனக்கென்று ஒரு சீட்டும் எழுதவில்லை. வீட்டின் அமைதி தாங்காமல்தான் சீட்டு எழுதும் மேஜைக்கு வந்தேன்.

எந்தக் கை?

முதல் வாரமே கன்னியம்மா வந்தாள். பட்டினப்பாக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். என் கணவருக்குச் சங்கரா மீன் பிடிக்கும் என்று தனியாக எடுத்து வைப்பாள். அவர் போனபின் நான் மீன் வாங்குவதையே நிறுத்தியிருந்தேன்.

"மருமவன் குட்ச்சிக்கினே கீறான் டீச்சர். எம் பொண்ணு சோத்துக்கையை முறுக்கி ஒட்ச்சிட்டான். அத எழுது" என்றாள். கல்லூரியில் தமிழ் படித்தவள் அல்லவா நான்? "இல்லறத்தில் அமைதி தழைத்திட வேண்டுமென்று ஒரு தாய் மன்றாடுகிறார்" என்று எழுதினேன். ஓசை நன்றாக இருந்தது. மைக்கில் நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

பூசை முடிந்ததும் கன்னியம்மா மேஜைக்கு வந்துவிட்டாள். தன் சீட்டைப் படிக்கவில்லை என்று சண்டை. படித்தேனே என்று மறுபடி படித்துக் காட்டினேன்.

"அது யாரோ பெரிய வூட்டு சீட்டு. ஒட்ஞ்ச கை அதுல எங்க கீது? எந்தக் கைன்னு சாமிக்கு எப்டித் தெரியும்?"

ஒரே ஊர்க்காரர்கள்

இன்னொரு வாரம் மாட வீதியிலிருந்து ஒரு மாமி வந்தார். முந்தானையால் தலையை மூடியிருந்தார். "ஆத்துல யாருக்கும் தெரியாது. அவருக்கு நாளைக்குக் கண்ணுல ஆபரேஷன். என் சீட்டை மேலாப்புல வைக்கறேளா?" என்றார். இந்த முறை எந்தக் கண் என்று கேட்டே எழுதினேன். என் கணவர் போனபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். காரணம், மாமி எழுந்து போகும்போது என் காதருகே குனிந்து சொன்னது.

"கபாலிகிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன். ரெண்டு பேரும் ஒரே ஊர்க்காராதானே, பேசிப்பா."

மூடிய வாய்

எங்கள் உபதேசியார் சூசை அதிகம் பேசமாட்டார். மெழுகுவர்த்தி ஏற்றுவார், மணியடிப்பார், தூணோரமாக நின்றுகொள்வார். அங்கே நின்றபடி அவர் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

ஒருநாள் சீட்டுகளைக் கட்டிவைக்கும்போது பக்கத்தில் வந்தார். "ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கக் கூடாது டீச்சர்" என்றார். கேளுங்கள் என்றேன்.

"மத்தவங்க கஷ்டத்தைப் படிக்கிறப்ப உங்க குரல் நடுங்குது. 'கேட்டருளும்'னு எல்லாரும் சொல்றப்ப மட்டும் வாயைக் கெட்டியா மூடிக்கிறீங்களே, ஏம்மா?"

என் சீட்டு

அடுத்த புதன்கிழமை அப்படி ஒரு மழை. தெருவில் முழங்காலளவு தண்ணீர், கரண்ட் இல்லை. கோவிலில் என்னைத் தவிரப் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டு கன்னியம்மா என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். அதே சீட்டுதான். பெண்ணுக்குக் கைக்கட்டுப் பிரித்தாகிவிட்டது, தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாள். இருப்பது தாய் வீட்டில். மருமகன் மட்டும் குடியை விடவில்லை.

எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. "இத்தனை மாசமா கேட்கறே, அவன் திருந்தலையே. எதுக்குக் கன்னியம்மா இந்த மழையில வர்றே?" என்று கேட்டேன். உண்மையில் அவளிடம் கேட்கவில்லை.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவன் திருந்தல, சரி. நான் வுழாம நின்னுக்கினு கீறனே, அது இன்னா? சும்மாவா வந்துச்சு?" என்றாள். பிறகு, "உன் சீட்டு எங்க?" என்றாள். எழுதவில்லை என்றேன். "ஊரு பூரா எழுதற, உனுக்கு வரலியா? எடு பேனாவ, நான் சொல்றேன்."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மைக் இல்லாததால் முன்னால் போய் நின்று வெறும் குரலில் படித்தேன்: "இந்த அம்மா புருஷன் பூட்டாரு. வூட்ல பேச்சுத் தொணைக்கு ஆள் இல்ல. சாமி, உன் மேல அதுக்குக் கோவம். அந்தக் கோவத்தோடயே வந்து குந்திக்கினு கீது. நீ பாத்துக்க."

மழைச் சத்தத்துக்கு நடுவில் அந்தப் பன்னிரண்டு பேரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். பதின்மூன்றாவது குரல் ஒன்றும் கேட்டது. அது என்னுடையது என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. போனவர் திரும்பி வரவில்லை; வீடு அப்படியேதான் இருந்தது. ஆனால் மறுநாள் காலை எழுந்து, சங்கரா வாங்கிக் குழம்பு வைத்தேன். மீன் கூடையைத் தூக்கும்போது கன்னியம்மா சொன்னாள்:

"எது ஒட்ஞ்சிதுன்னு இப்பதான் சாமிக்குத் தெரிஞ்சிருக்கும்."

இப்போது வேண்டுதல்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன, மேஜையை எடுத்துவிட்டார்கள், கடலோரக் குடிசைகளை அகற்றிக் கன்னியம்மாவை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் குடியேற்றிவிட்டார்கள்; கையெழுத்துக்காக வேலைக்கு வந்த எனக்கு என் சீட்டை எழுத, கைநாட்டு வைக்கிற ஒருத்தி வேண்டியிருந்தது.